பூச்சாடிக் கள்ளியின் பிணி

கள்ளி என்றவுடன் தமிழ் கற்றார் நெஞ்சில் எழுவது பாலை நிலம். புல்லும் கருகும் வெம்மையில் தான் கருகாது நிற்பது அச்செடி. இந்த எண்ணம் நம்மவரிடம் ஆழ வேரூன்றியமையால், கள்ளிக்கு நோய் வரும் என்பதையே பலர் நம்புவதில்லை. மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்வோர் சிறு பூச்சாடியில் ஒன்றை வாங்கி வந்து சாளரத்தில் வைப்பர். சில திங்கள் சென்றபின் அது சுருங்கியோ, வெளிறியோ, அடி கறுத்தோ காணப்படும். உடனே ஒரு குவளை நீர் வார்ப்பர். நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து கொடுத்துவிடுகின்றனர். வீட்டுக் கள்ளிகளிற் பல மடிவது புறக்கணிப்பினால் அன்று. அறியாது காட்டும் அன்பினாலேயே என்பது என் துணிபு.

ஈண்டுப் பெயர் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். நம் பழைய இலக்கியங்களில் வரும் கள்ளி, பால் வடியும் இனம். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பால் கண்ணிற் பட்டாற் பெருந்தீங்கு விளையும். பூச்சாடியில் நாம் வளர்ப்பதோ கக்டஸ் எனப்படும் வேறொரு குடும்பம். அதன் முட்கள் பஞ்சணை போன்ற சிறு புடைப்புகளிலிருந்து கொத்தாக எழும். இதுவே அதன் அடையாளம். இக்குடும்பத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அக்கண்டத்துக்கு வெளியே இயற்கையாக வளர்வது ஓரினமே. றிப்சாலிஸ் எனப்படும் அது மரக்கிளைகளிலே தொங்கி வளர்வது. ஆபிரிக்காவிலும் நம் இலங்கைக் காடுகளிலும் அதனைக் காணலாம்.

பாலைக் கக்டசின் உடலமைப்பை உணர்ந்தால் அதன் பிணியில் பாதி விளங்கிவிடும். ஏனைய செடிகள் பகலில் இலைவாய்களைத் திறந்து காற்றை உட்கொள்ளும். இதுவோ இரவிலே தண்டிலுள்ள அவ்வாய்களைத் திறந்து, பகலில் மூடிக்கொள்ளும். ஆதலால் நீர் ஆவியாகி வீணாவது மிகக் குறைவு. அருகிப் பெய்யும் மழையை விரைந்து பருகித் தண்டிலே சேமித்து, அடுத்த மழை வரை காத்திருப்பது அதன் இயல்பு. இத்தகைய செடியின் வேரை நாள்தோறும் ஈரத்தில் ஊற வைத்தால், வேருக்குக் காற்றுக் கிடையாது. பூஞ்சணங்கள் அங்கே குடியேறும்.

இனி நோய்க் குறிகளைப் பார்ப்போம். இலக்கணத்திலே 'பலபொருள் ஒருசொல்' என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். சொல் ஒன்றே, இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும். கள்ளியின் நோய்க் குறிகளும் அத்தகையனவே. அவற்றுட் பெரிதும் மயக்கந் தருவது சுருக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பண்டித வகுப்பு மாணவி ஒருத்தி, நிமிர்ந்து வளரும் தூண் போன்ற கள்ளி ஒன்றைச் சாடியோடு கொண்டுவந்தாள். மத்திய கிழக்கு நாடொன்றுக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற அவள் தாய் விட்டுச் சென்ற செடி அது. தண்டு மெலிந்து மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. "தண்ணீர் விடாய் போலும் என்று தினமும் ஊற்றுகிறேன், ஐயா, ஊற்ற ஊற்றச் சுருங்குகிறது" என்றாள். "அம்மா தொலைபேசியில் எடுக்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்பார்" என்றும் சொன்னாள்.

சுருக்கத்துக்கு இரு பொருள் உண்டு. நீர் கிடையாமையால் சுருங்குதல் ஒன்று. நீர் மிகுந்து வேர் அழுகியமையால், சுற்றி நீர் நின்றும் பருக முடியாது சுருங்குதல் மற்றொன்று. வெளித்தோற்றம் ஒன்றே; மருத்துவமோ நேர் எதிர். ஐயம் தீர்க்கும் வழியும் ஒன்றே. செடியைச் சாடியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்தல் வேண்டும். வேர் வெளிறி உறுதியாயிருந்தால் அது தாகம். நன்றாக நீர் வார்த்தால் சில நாளிலே தண்டு நிமிரும். வேர் பழுப்பேறிக் குழைந்து நாறினால் அது அழுகல். மாணவியின் செடியில் இருந்தது இரண்டாவது.

அழுகலுக்கு மருந்து கத்தியே. கூரிய கத்தியை ஸ்பிரிட்டினால் துடைத்து, அழுகிய பகுதிக்கு மேலே குறுக்காக வெட்டுதல் வேண்டும். வெட்டு முகத்தின் நடுவிலுள்ள வளையத்திற் பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் நோய் மேலேறியிருக்கிறது என்பது பொருள். கத்தியை மீண்டும் துடைத்து, மாசற்ற தசை தோன்றும்வரை சிறிது சிறிதாக வெட்டிச் செல்லல் வேண்டும். பின்பு காற்றோட்டமுள்ள நிழலில் பத்து நாள் முதல் இரு வாரம் வரை உலரவிட்டால் வெட்டுவாய் தோல் போல மூடிக்கொள்ளும். அதன்பின் உலர்ந்த பருமணற் கலவையில் ஊன்றி, வேர் பிடிக்கும்வரை நீர் வாராதிருத்தல் வேண்டும். அந்த மாணவியின் செடியில் எஞ்சியது ஒரு சாண் நுனி மாத்திரமே. நீர் வார்க்காதிருப்பதே அவளுக்கு மிகக் கடினமாயிற்று. ஆயினும் பொறுத்திருந்தாள், நுனி வேர் விட்டது.

அடுத்த குறி பழுப்பு நிறம். இதற்கும் பொருள் பல. முதிர்ந்த செடியின் அடியில் மரப்பட்டை போலக் கடினமாகப் படரும் பழுப்பு நோயன்று, மூப்பு. வெயில் விழும் பக்கத்தில் மட்டும் வெளிறிப் பின் பழுப்பாகும் வடு, வெயிற் சூடு. நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென உச்சி வெயிலில் வைத்தால் இவ்வாறு நேரும். வடு மாறாது, ஆனாற் பரவாது. நுனியருகே துரு போன்ற நுண்ணிய வடுக்கள் தோன்றின் அது சிலந்திப்பேனின் வேலையாகலாம். நீரைப் பீச்சிக் கழுவுதல் நன்று. தொட்டால் அமுங்கும் ஈரமான பழுப்போ அழுகல். ஆகவே கண்ணால் மட்டும் தீர்ப்பளியாது, ஒரு குச்சியின் முனையால் மெல்ல அழுத்திப் பார்த்தல் வேண்டும்.

வெள்ளை நிறமும் அவ்வாறே. முட்களின் இடையே பஞ்சுத் துகள் போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் துடைத்து, வாரந்தோறும் மீண்டும் பார்த்தல் வேண்டும். வேரிலும் அவை ஒளிந்திருக்கும். இப்பூச்சியைச் சிறிதென இகழலாகாது. அதன் உறவினமான கொச்சினீல் பூச்சி 1860களில் இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கே புதராக மண்டியிருந்த நாகதாளியின் ஓரினத்தை அழிக்கப் பயன்பட்டது. இனி, மண்ணின்மேலும் சாடியின் விளிம்பிலும் படியும் வெண்மை பூச்சியன்று; சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையில் ஊறுவது. அந்நீரையே நெடுங்காலம் வார்த்தால் மண் காரத்தன்மை பெற்று, செடி இரும்புச் சத்தை ஏற்கமாட்டாது மஞ்சளிக்கும். மழைநீரைச் சேமித்து வார்த்தலும், ஈராண்டுக்கு ஒருமுறை மண் மாற்றலும் நலம்.

உருண்டையாக வளரவேண்டிய செடி கழுத்து நீண்டு வெளிறி மெலிந்தால், அதனை வளர்ச்சி என்று மகிழ வேண்டா. அது ஒளியைத் தேடும் தவிப்பு. நாளுக்குச் சிறிதாக ஒளியைக் கூட்டுதல் வேண்டும். மெலிந்த பகுதி மீண்டும் பருக்காது. புதிதாக வளர்வதே செம்மையாகும்.

விதிவிலக்குகளும் உள. நத்தார்க் கள்ளி பிரேசிலின் ஈரக் காடுகளில் மரத்தில் ஒட்டி வாழ்வது. அதற்குப் பாலைச் செடியின் பட்டினியும் கடுவெயிலும் ஆகா. செந்நிற, மஞ்சள்நிற உருண்டை தலையில் ஏறிய கள்ளியோ ஒட்டுச் செடி. மேலுள்ள உருண்டைக்குப் பச்சையம் இன்மையால் கீழுள்ள பச்சைத் தண்டே அதற்கும் உணவு சமைக்கிறது. இவ்விணைப்பு நெடுங்காலம் நிலைப்பது அரிது. சில ஆண்டில் அது மடிந்தால் வளர்த்தவர் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

வருமுன் காத்தலுக்கு வழி எளிது. அடியில் துளையுள்ள மண்சாடி. பாதி மண்ணும், பாதி ஆற்றுமணலும் செங்கற் சல்லியும் கலந்த கலவை. கடல் மணல் உப்புடையது, ஆகாது. நீர் வார்த்தால் துளை வழியே வழியும்படி நிறைய வார்த்தல்; மண் அடிவரை உலர்ந்தபின்பே மறுமுறை வார்த்தல். ஒரு குச்சியை மண்ணிற் செருகி எடுத்துப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் சாரல் படாத இடத்தில் வைத்தல்.

வள்ளுவர் மருந்துக்கு ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அங்கே மருந்தின் பெயர் ஒன்றும் கூறாது, நோயையும் அதன் காரணத்தையும் ஆராயும் முறையையே வற்புறுத்தினார். செடி வளர்ப்போர்க்கும் அதுவே நெறி. சாடியின் முன் நின்று நீர்க்குவளையைச் சாய்க்குமுன், மண்ணை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஈரமாயிருந்தால் குவளையைக் கீழே வையுங்கள். அன்று அச்செடிக்கு நீங்கள் செய்யத்தக்க பேருதவி அதுவே.