வழக்கறிஞரும் குமாஸ்தாவும் இணைந்து உழைத்தால்...

நிலத்தகராறோ, பாகப்பிரிவினையோ, ஜீவனாம்சமோ, வழக்கு என்று வந்துவிட்டால் நாம் அதிகம் பேசுவது வழக்கறிஞரின் குமாஸ்தாவோடுதான். "அண்ணே, அடுத்த வாய்தா எப்போ?" என்று அவரைத்தான் கேட்கிறோம். வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதும், மனுவைச் சரிபார்த்துத் தாக்கல் செய்வதும், சம்மனுக்குப் பேட்டா கட்டுவதும், தீர்ப்பு நகலுக்கு விண்ணப்பிப்பதும் அவரே. வாதாடும் உரிமையோ 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு பெற்ற வழக்கறிஞருக்கே உரியது. ஒருவர் நீதிமன்றத்தில் பேசுகிறார். மற்றவர் அவர் பேசுவதற்கு வழி செய்கிறார். இந்த இருவருக்குமிடையே நல்லுறவு இல்லையென்றால் பாதிக்கப்படுவது யார்? அவர்களை நம்பி வந்த ஏழை எளியவரே!

எப்படி என்று பார்ப்போம். உரிமையியல் வழக்கில், விசாரணைத் தேதியில் வாதி தரப்பில் யாரும் வரவில்லையென்றால் வழக்கு தள்ளுபடியாகலாம். பிரதிவாதி தரப்பில் வரவில்லையென்றால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரலாம். இவற்றை நீக்கக் கோர பொதுவாக 30 நாள்களே அவகாசம். மாவட்ட நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடு செய்யவும் 30 நாள்கள்; உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள்கள். குமாஸ்தாவின் நாட்குறிப்பில் தவறும் ஒரு தேதி, ஒரு குடும்பத்தின் வீட்டையே பறித்துவிடக்கூடும். எனவே இருவரும் மனதில் கொள்ள வேண்டியவை சில உண்டு.

1. தெளிவாகச் சொல்லுதல்
"அந்தக் கட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பது கட்டளை ஆகாது. எந்த வழக்கு, என்ன மனு, எந்தெந்த ஆவணங்கள், எந்த நாளுக்குள் என்பதை வழக்கறிஞர் சொல்ல வேண்டும். புரியாததைக் கேட்டுத் தெளிவது குமாஸ்தாவின் கடமை. "சாருக்குக் கோபம் வருமே" என்று ஊகித்துச் செய்யும் வேலை இரட்டை வேலையாகிவிடும்.

2. தேதியை இருவரும் அறிதல்
மாலையில் பத்து நிமிடம் இருவரும் அமர்ந்து, மறுநாள் வழக்குகளையும் முடியப்போகும் கெடுக்களையும் ஒத்துப் பார்க்க வேண்டும். நாட்குறிப்பில் உள்ளதை இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

3. எல்லையை மதித்தல்
"கேஸ் ஜெயிக்குமா?" என்று கட்சிக்காரர் கேட்பார். அதற்குப் பதில் சொல்வது குமாஸ்தாவின் வேலை அல்ல. "சாரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பதே நேர்மையான பதில். வழக்கறிஞரும் தம் கையெழுத்தையோ, சட்ட ஆலோசனை தரும் பொறுப்பையோ குமாஸ்தாவிடம் தள்ளிவிடக் கூடாது. பெறும் பணத்திற்கு ரசீது தரும் வழக்கம் இருவரின் பெயரையும் காப்பாற்றும்.

4. இரகசியம் காத்தல்
கட்சிக்காரர் வழக்கறிஞரை நம்பிச் சொன்னதை அவரது சம்மதமின்றி வெளியிடக் கூடாது. முன்பு 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இதைக் கூறியது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் இதையே கூறுகிறது. இரண்டு சட்டங்களும் இக்கடமையைக் குமாஸ்தாக்களுக்கும் விரிவாக்குகின்றன. எனவே டீக்கடையில் வழக்குக் கதை பேசுவது வெறும் வம்பு அல்ல; நம்பிக்கைத் துரோகம்.

5. அச்சமின்றி உண்மை சொல்லுதல்
இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. தேதி தவறிவிட்டதை மூன்றாம் நாளே குமாஸ்தா சொன்னால், சரிசெய்ய இன்னும் 27 நாள்கள் இருக்கும். திட்டுக்குப் பயந்து இரண்டு மாதம் மறைத்தால், தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப்போட்டு நீதிமன்றத்தின் தயவை எதிர்பார்க்க வேண்டியதுதான். சத்தம் போடும் வழக்கறிஞருக்குக் கெட்ட செய்தி கடைசியில்தான் வந்து சேரும். கட்சிக்காரர் முன்னிலையில் பணியாளரை அவமானப்படுத்தாமல், தனியே அழைத்துத் திருத்துவதே பெருந்தன்மை, விவேகமும் அதுவே.

6. உழைப்பை மதித்தல்
பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய குமாஸ்தாவிடம் இளம் வழக்கறிஞர் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. 1999-இல் தமிழ்நாட்டில் வழக்கறிஞர் குமாஸ்தாக்களுக்கென நல நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் மாதம் தவறாத ஊதியமும், மருத்துவத்திற்கு விடுப்பும், ஒரு நன்றிச் சொல்லும் அலுவலகத்திலேயே கிடைக்க வேண்டும் அல்லவா?

வழக்காடும் நமக்கும் பொறுப்பு உண்டு. நம் வழக்கின் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியை நாமும் கவனிப்போம். குமாஸ்தாவை ஏவலாளாக நடத்தாமல், மரியாதையோடு பேசுவோம். வழக்கறிஞர் வைக்க வசதியற்ற பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இலவச உதவி தருகிறது. 15100 என்ற எண்ணை அவர்களுக்குச் சொல்வோம்.

கருப்பு அங்கி அணிந்தவரும் கட்டைச் சுமப்பவரும் ஒருவரையொருவர் மதித்து உழைக்கும் அலுவலகத்தில்தான் ஏழையின் வழக்கு பத்திரமாக இருக்கும். நம் குடும்பங்களிலும் இவ்விரு பணிகளைச் செய்வோர் இருக்கிறார்கள். இன்று அவர்களோடு இதைப் பற்றிப் பேசுவோமா?