அம்பின் கனமும் வேகமும்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வேட்டைத் திறத்தை வன்பரணர் என்னும் புலவர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் புகழ்ந்திருக்கிறார். ஓரி விடுத்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின்மேற் சென்று தைத்ததாம். இதனைப் புலவரின் கற்பனை என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும், ஓர் அம்பு எதனால் ஆழமாகப் பாய்கிறது, அதன் கனத்தாலா, வேகத்தாலா என்ற கேள்வி கற்பனையன்று. அது வில்லெடுத்த வேடன் ஒவ்வொருவனும் விடை தேடிய கேள்வி.

வேகமே பெரிது என்று எண்ணுவதே நம் இயல்பு. இலேசான அம்பு விர்ரென்று பறக்கிறது. கனத்த அம்பு சற்றே மெதுவாகச் செல்கிறது. ஆகவே முன்னதே ஆழமாகப் பாயும் என்று தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது.

நாணை இழுக்கும்போது நம் கை செய்யும் வேலை வில்லில் ஆற்றலாகச் சேர்கிறது. நாணை விட்டதும் அவ்வாற்றல் முழுவதும் அம்பிற்குப் போய்விடுவதில்லை. வளைந்த வில்லும் நாணும் தாமே முன்னோக்கிப் பாய வேண்டியிருப்பதால் ஒரு பங்கை அவை எடுத்துக்கொள்கின்றன. பால் கிளாப்ஸ்டெக் என்ற அமெரிக்க இயற்பியலறிஞர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். அம்பின் எடையோடு, வில்லுக்கென்று மாறாத ஓர் எடையையும் கூட்டிக்கொண்டு கணக்கிட வேண்டும் என்பதே அது.

ஓர் உதாரணம் கொள்வோம். வில்லில் சேர்ந்த ஆற்றல் 60 ஜூல்; வில்லுக்கென்று கூட்டவேண்டிய எடை 15 கிராம். இதில் 25 கிராம் அம்பைத் தொடுத்தால் அது வினாடிக்கு ஏறக்குறைய 55 மீட்டர் வேகத்தில் புறப்படும். 50 கிராம் அம்பைத் தொடுத்தால் வேகம் 43 மீட்டராகக் குறையும். எடை இரு மடங்காகியும் வேகம் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று அதிகமாகவே குறைந்திருக்கிறது. இலேசான அம்பு பெற்ற ஆற்றல் 37 ஜூல் சொச்சம். கனத்த அம்பு பெற்றதோ 46 ஜூல். எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தத்தைப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. கனத்த அம்பின் உந்தம் ஒன்றரை மடங்கிற்கும் மேலாகும்.

காலி வண்டியையும் மூட்டை ஏற்றிய வண்டியையும் ஒரே கை தடுத்து நிறுத்த முயன்றால் எது எளிதில் நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அம்பின் நிலையும் அதுவே. தோலும் தசையும் தடுக்கும்போது உந்தம் மிகுந்த அம்பே நெடுந்தூரம் ஊடுருவும். மேலும், வேகம் மிகுந்தால் ஈரமான உடற்பகுதி காட்டும் எதிர்ப்பும் மிகுகிறது. விரைவினால் வந்த ஆதாயத்தில் ஒரு பகுதி இவ்வாறே செலவாகிவிடுகிறது.

அப்படியானால் அம்பை எவ்வளவு வேண்டுமானாலும் கனமாக்கலாமே எனின், அதற்கும் ஒரு விலை உண்டு. மெதுவாகச் செல்லும் அம்பு அதிகமாக வளைந்து விழுகிறது. இலக்கு 30 மீட்டர் தொலைவில் இருப்பதாக மதித்து எய்கிறான் ஒருவன். உண்மையில் அது 35 மீட்டரில் இருக்கிறது. மேற்சொன்ன இலேசான அம்பு குறிக்கு 29 சென்டிமீட்டர் கீழே படும். கனத்த அம்போ 46 சென்டிமீட்டர் கீழே படும். ஆகவே கனத்த அம்பை ஏந்துபவன் இலக்கை நெருங்கிச் செல்லும் பொறுமையும் உடையவனாக இருத்தல் வேண்டும்.

கனமும் வேகமும் மட்டும் போதா. முனையின் கூர்மையும் வேண்டும். கலிபோர்னியாவின் யாகி இனத்தில் எஞ்சிய கடைசி மனிதரான இஷி 1911இல் ஓரோவில் என்ற ஊரருகே வெளிப்பட்டார். அவருக்கு மருத்துவம் செய்த சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர் அவரிடமே வில்வித்தையும் கற்றார். 1916இல் இஷி காசநோயால் மறைந்தார். அதன்பின் போப் தாம் கற்றதையும் சோதித்ததையும் 1923இல் நூலாக வெளியிட்டார். கறுத்த எரிமலைக் கண்ணாடிக் கல்லில் இஷி செதுக்கிய முனை, எஃகு முனையைக் காட்டிலும் ஆழமாகப் பாய்ந்ததை அவர் சோதனையிற் கண்டார். நாகரிகத்தின் பெருமைக்குக் கல் முனை புகட்டிய பாடம் என்றே இதனைக் கொள்ளலாம்.

1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் எட் ஆஷ்பி என்பவர் இத்துறையில் விரிவான சோதனைகள் நடத்தினார். அம்பு முறியாதிருத்தல் முதல் தேவை. ஆடாமல் நேராகப் பறத்தல் அடுத்த தேவை. கனம் அதற்கும் பின்னரே என்பது அவர் கண்ட முடிவு. ஆடிக்கொண்டு செல்லும் அம்பு பக்கவாட்டில் உராய்ந்து தன் ஆற்றலை வீணாக்கிவிடும். பருத்த எலும்பைத் துளைக்க ஏறத்தாழ 42 கிராம் எடையாவது வேண்டும் என்றும் அவர் கூறினார்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்கிறது. அம்போ குருதியை வடித்தே கொல்கிறது. அரைகுறையாகப் பாய்ந்த அம்பைச் சுமந்துகொண்டு விலங்கு காட்டுக்குள் ஓடி, நாட்கணக்கில் துடிக்க நேரும். வேடனின் கணக்குப் பிழைக்கு விலை கொடுப்பது வாயில்லாப் பிராணியே. இக்காரணம் பற்றியே வில் வேட்டையை அனுமதிக்கும் நாடுகள் சிலவற்றில் அம்பின் எடைக்கும் ஆற்றலுக்கும் கீழெல்லை வகுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் காட்டு விலங்குகளை வில்லால் கொல்வதைத் தடை செய்தது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமின்றிச் செய்துவிட்டன.

வேட்டை போனாலும் வில் போய்விடவில்லை. ஜாம்ஷெட்பூரில் 1996இல் தொடங்கிய டாட்டா வில்வித்தைப் பயிற்சிக்கூடத்தில் பயின்ற ராஞ்சிப் பெண் தீபிகா குமாரி, 2010இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். இப்பந்தயங்களில் இலக்கு வைக்கோலோ நுரைப்பலகையோதான். ஆழப் பாய வேண்டிய தேவையில்லை. 70 மீட்டர் தொலைவை அதிகம் வளையாமற் கடந்தாற் போதும். ஆகவே அங்கே இலேசான, விரைந்த அம்பே ஆளுகிறது.

வேடனுக்குக் கனம், பந்தயக்காரனுக்கு வேகம் என்று முடிவு கட்டலாம். எந்தக் காரியத்திற்கு எது வேண்டும் என்று அறிந்து தேர்வதே வில்லாளியின் அறிவு. அந்தத் தெளிவை நம் வீட்டுச் சிறுவர் சிறுமியர், உயிருக்கு ஊறு செய்யாத இப்பந்தயக் களத்திலேயே பெறலாம். அருகில் பயிற்சிக்கூடம் உள்ள நகரங்களில் வசிக்கும் பெற்றோர் ஒருமுறை குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்று காட்டுவது நலம்.