முட்டையும் வெண்ணெயும் இல்லாத சாக்லேட் குக்கீ

குக்கீயில் முட்டைக்கு உள்ள வேலை குறைவு. கேக் மாவு பொங்கி எழ வேண்டும், எழுந்த உயரத்தில் நிற்கவும் வேண்டும். முட்டையின் புரதம் சூட்டில் இறுகி அந்த உயரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. குக்கீயோ தட்டையானது, ஈரம் குறைந்தது, கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்தது. அது உதிராமல் இருக்க மைதாவும் சர்க்கரையும் சிறிது ஈரமும் போதும். வீகன் பேக்கிங்கில் புதிதாக இறங்குகிறவர்கள் கேக்கில் கை வைத்துச் சலித்துப்போவதைவிட, குக்கீயில் தொடங்குவது புத்திசாலித்தனம். அதிலும் சாக்லேட் குக்கீ என்றால் இன்னும் வசதி. கொக்கோவின் கசப்பும் மணமும் அழுத்தமானவை என்பதால் வெண்ணெய் இல்லாதது நாக்குக்கு எளிதில் தெரியாது. வெறும் வெண்ணெய் பிஸ்கட்டை வீகனாக மாற்றுவது இதைவிடப் பல மடங்கு கடினம்.

இறைச்சி, முட்டை மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் வரை விலங்குகளிடமிருந்து வரும் எதையும் தவிர்ப்பது வீகன் முறை. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்கள் சிலரும் தொடங்கிய வீகன் சங்கத்திலிருந்து இந்தப் பெயர் பரவியது. நம் ஊர் பேக்கரிகளில் ‘எக்லெஸ்’ என்ற பலகையைப் பார்த்ததும் அதை வீகன் என்றே நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது தவறு. முட்டையை நீக்குகிறவர்கள் பெரும்பாலும் ஈடாகத் தயிரையோ கண்டென்ஸ்டு மில்க்கையோ சேர்க்கிறார்கள். முட்டை போன இடத்தில் பால் கூடியிருக்கும்.

இன்றைய சாக்லேட் குக்கீகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்மாதிரி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்ற ஊரில் டோல் ஹவுஸ் விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் 1930-களில் உருவாக்கிய சாக்லேட் சிப் குக்கீ. அதில் வெண்ணெயும் முட்டையும் தாராளம். அதே நாட்டில் பொருளாதாரப் பெருமந்தத்தோடும் போர்க்காலத் தட்டுப்பாட்டோடும் சேர்த்துப் பேசப்படும் இன்னொரு பண்டமும் உண்டு. ‘வாக்கி கேக்’ என்ற அந்தச் சாக்லேட் கேக்கில் முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் கிடையாது. எண்ணெயும் வினிகரும் ஆப்ப சோடாவும்தான் வேலையைச் செய்தன. கொள்கை எதுவும் இல்லாமல், பற்றாக்குறையால் வீகனாகிப்போன கேக் அது. இன்றைய வீகன் சாக்லேட் பேக்கிங்கின் அடிப்படை உத்திகள் பலவும் இந்தச் சிக்கனச் சமையலில் ஏற்கெனவே இருந்தவைதான்.

முட்டையை விடுவது எளிது. வெண்ணெயை விடுவதில்தான் சிக்கல். வெண்ணெயில் ஏறக்குறைய 80 விழுக்காடு கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால் புரதம். தேங்காய் எண்ணெயோ முழுக்கக் கொழுப்பு. எனவே 100 கிராம் வெண்ணெய் கேட்கும் குறிப்பில் 100 கிராம் தேங்காய் எண்ணெயை ஊற்றினால் குக்கீ தட்டில் படர்ந்து, விளிம்பு பொரிந்து, கையில் எடுத்தால் பிசுபிசுக்கும். 80 கிராம் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாகத் தேங்காய்ப் பாலோ சோயா பாலோ என்று பிரித்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும்.

அடுத்த சிக்கல் நம் வெயில். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிவிடும்; வெண்ணெய் தாக்குப்பிடிப்பது 32 டிகிரிக்கும் மேலே. குளிர்நாட்டுக் குறிப்புகள் எல்லாம் கெட்டியான தேங்காய் எண்ணெயைக் கரண்டியால் வழித்துப் போடச் சொல்லும். சென்னையிலும் மதுரையிலும் மார்கழி, தை மாத அதிகாலைகளைத் தவிர அது பாட்டிலில் தண்ணீராகவே கிடக்கும். அந்த நிலையில் பிசைந்த மாவு அடுப்பில் வைத்ததும், வேகத் தொடங்குவதற்கு முன்பே ஓடிப் பரவிவிடுகிறது. குளிரவைப்பதுதான் வழி. ஆனால் அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வெண்ணெய் சேர்த்த மாவு ஃப்ரிட்ஜில் இருந்து வந்தாலும் ஓரளவு வளைந்துகொடுக்கும். தேங்காய் எண்ணெய் மாவு கல்லாக இறுகிவிடும். மாவை மொத்தமாக உள்ளே வைத்துவிட்டுப் பிறகு கரண்டியோடு மல்லுக்கட்டுவதைவிட, முதலில் உருண்டை பிடித்துத் தட்டி, அதன்பின் அரைமணி நேரம் குளிரவைப்பதே சரியான வரிசை. இதே காரணத்தால் தாவரப் பாலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு சேர்க்கக்கூடாது. எண்ணெய் சட்டென்று உறைந்து, மாவெங்கும் சிறு சிறு துணுக்குகளாகிவிடும்.

செக்கில் ஆட்டிய எண்ணெயா, சுத்திகரித்ததா என்பது அவரவர் விருப்பம். செக்கு எண்ணெயில் தேங்காய் மணம் தூக்கலாக இருக்கும். சாக்லேட்டோடு அது நன்றாகவே சேரும். சூரியகாந்தி எண்ணெயிலும் குக்கீ வரும், ஆனால் மொறுமொறுப்புக் குறையும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் தங்கள் வாசனையை விட்டுக்கொடுக்காதவை, இங்கே வேண்டாம். மார்ஜரின் பலவற்றில் பால் பொருள் கலந்திருக்கும் என்பதால் உறையைப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

முட்டைக்கு மாற்றாக ஆளி விதைப் பொடியைக் கரைத்து ஊற்றும் வழக்கம் பரவலாக உள்ளது. ஒரு மேசைக்கரண்டி பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் கொழகொழவென்று ஆகி, ஒரு முட்டையின் அளவுக்குப் பிணைப்புத் தரும். மென்று தின்னும் பதம் வேண்டுமென்றால் இது உதவும். மொறுமொறுப்பான சிறு குக்கீக்கு இது தேவையே இல்லை.

சர்க்கரை இனிப்புக்கு மட்டும் அல்ல. குக்கீயின் பதத்தை முடிவு செய்வதே அதுதான். வெள்ளைச் சர்க்கரை சூட்டில் உருகிப் பரவி, ஆறியதும் இறுகி மொறுமொறுப்பைத் தருகிறது. நாட்டுச்சர்க்கரையில் தங்கியிருக்கும் கரும்புப் பாகு ஈரத்தைப் பிடித்துவைத்து நடுப்பகுதியை மென்மையாக்குகிறது. இரண்டையும் சரிபாதி சேர்த்தால் விளிம்பு நொறுங்கும், நடு மெத்தென்றிருக்கும். நம் கடைச் சர்க்கரையின் பரல்கள் பெரியவை. இந்த மாவில் உள்ள சொற்ப ஈரத்தில் அவை கரைவதில்லை. மிக்ஸியில் ஓரிரு சுற்று விட்டு ரவைப் பதத்துக்கு உடைத்துக்கொள்வது நல்லது. தேனுக்கு இங்கே இடமில்லை.

கொக்கோ பொடியில் இரண்டு வகை. இயல்பான பொடி லேசான அமிலத்தன்மை உடையது. ஆப்ப சோடாவோடு சேர்ந்தால் அமிலம் வினைபுரிந்து கரியமில வாயு வெளிவரும். குக்கீ சற்று உப்பி, விரிசல் விட்டு வேகும். மற்றொன்று காரம் சேர்த்துப் பக்குவப்படுத்திய டச்சு வகை. நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை இது. கொக்கோ விதையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு 1828-இல் காப்புரிமை பெற்றதும் அதே குடும்பம். டச்சுப் பொடி கருத்த நிறமும் கசப்புக் குறைந்த சுவையும் கொண்டது. அமிலம் இல்லாததால் ஆப்ப சோடா அதில் சரியாக வேலை செய்யாது. அதற்கு பேக்கிங் பவுடர் வேண்டும், அல்லது சோடாவோடு ஒரு தேக்கரண்டி வினிகர். உறையின் பொருள் பட்டியலில் 500, 501 என்ற எண்கள் இருந்தால் அது காரம் சேர்த்த பொடி என்று கொள்ளலாம். பாலில் கலக்கும் டிரிங்கிங் சாக்லேட் பொடி இரண்டிலும் சேராது. அதில் பெரும்பங்கு சர்க்கரை.

இந்தியாவில் கொக்கோ, தென்னைக்கும் பாக்குக்கும் ஊடுபயிராகக் கேரளம், ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் விளைகிறது. பொள்ளாச்சி வட்டாரத் தென்னந்தோப்புகளின் நிழலில் கொக்கோ மரங்களைப் பார்க்கலாம். இந்தக் குக்கீயின் இரண்டு முக்கியப் பொருள்களும் ஒரே தோப்பில் விளையக்கூடியவை.

வீகன் குக்கீ கெட்டுப்போவது பெரும்பாலும் சாக்லேட் துண்டுகளால். ‘டார்க்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கிய சாக்லேட்டில் பால் திடப்பொருளோ பால் கொழுப்போ இருப்பது சாதாரணம். சமையலுக்கென்று விற்கும் ‘காம்பவுண்டு’ கட்டிகளில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். அவற்றிலும் பல வகைகளில் பால் பொடி உண்டு. கொக்கோ வெண்ணெய் என்பது விதையின் கொழுப்பு, பால் வெண்ணெய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. லெசித்தின் பெரும்பாலும் சோயாவிலிருந்து வருவது, அஞ்ச வேண்டியதில்லை. உறையில் உள்ள பச்சைப் புள்ளி சைவம் என்பதற்கு மட்டுமே அடையாளம். பால் சேர்த்த பொருளுக்கும் அதே புள்ளிதான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் வீகன் உணவுக்கெனத் தனி விதிகளை 2022-இல் கொண்டுவந்தது. அதற்குரிய முத்திரை, இலையோடு கூடிய பச்சை நிற ‘வி’ எழுத்து. அது இல்லாத பொருளில் பட்டியலை வரி வரியாகப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பதினெட்டுக் குக்கீகளுக்கு மைதா 125 கிராம், கொக்கோ பொடி 30 கிராம், ஆப்ப சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி எடுத்துச் சேர்த்துச் சலிக்க வேண்டும். வேறொரு பாத்திரத்தில் 75 கிராம் தேங்காய் எண்ணெய், இரண்டு சர்க்கரையும் சேர்த்து 100 கிராம், மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தேங்காய்ப் பால், ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ் ஆகியவற்றை, எண்ணெய் தனியே மிதக்காமல் கலவை கெட்டியாகும் வரை அடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் மிகவும் நீர்த்திருந்தால் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, லேசாக மங்கத் தொடங்கியதும் எடுத்து அடித்தால் எளிதில் சேரும். பிறகு மாவைக் கொட்டி, வெள்ளைத் திட்டு மறையும் வரை மட்டும் கிளற வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோலப் பிசைந்தால் மைதாவின் குளூட்டன் முறுக்கேறி, குக்கீ சவச்சவ என்று ஆகிவிடும். கடைசியாக 75 கிராம் சாக்லேட்டைக் கத்தியால் நறுக்கிச் சேர்த்து, எலுமிச்சம்பழ அளவுக்குக் குறைவான உருண்டைகளாகப் பிடித்து, லேசாகத் தட்டி, ஃப்ரிட்ஜில் அரைமணி நேரம் வைக்க வேண்டும்.

ஓடிஜி அடுப்பாக இருந்தால் 170 டிகிரியில் பத்து நிமிடம் முன்சூடு செய்து, பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் சுட்டால் போதும். அடுப்பு இல்லாத வீடுகளில் கனமான இரும்புச் சட்டி உதவும். அடியில் அரை அங்குல உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் மிதமான தீயில் சூடேற்ற வேண்டும். பிறகு தட்டை உள்ளே வைத்துத் தீயைக் குறைத்தால் பதினைந்து முதல் இருபது நிமிடத்தில் வெந்துவிடும். குக்கரில் செய்வதாக இருந்தால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமையாகக் காயவைப்பது ஆபத்து. கன்வெக்‌ஷன் வசதி இல்லாத சாதாரண மைக்ரோவேவில் குக்கீ சுட முடியாது.

குக்கீ ஏற்கெனவே கருப்பு என்பதால் நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல இயலாது. விளிம்பு கெட்டியாகி, நடுப்பகுதி தொட்டால் இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் வேகவில்லையோ என்ற ஐயம் எல்லாருக்கும் வரும். தட்டிலேயே பத்து நிமிடம் விட்டால் தானாக இறுகிவிடும். கெட்டியாகட்டும் என்று கூடுதலாகச் சுட்டவை ஆறியபின் கடிக்க முடியாதவை ஆகும்.

இந்த அளவில் ஒரு குக்கீயில் ஏறத்தாழ 115 கலோரி உள்ளது. வீகன் என்பதால் உடலுக்கு நல்லது என்று எண்ண இடமில்லை. கொலஸ்ட்ரால் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு வெண்ணெயைவிட அதிகம், சர்க்கரையும் குறையவில்லை. காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். மழைக்காலத்தில் நமுத்துப்போனால் குறைந்த சூட்டில் சில நிமிடம் வைத்தால் மொறுமொறுப்புத் திரும்பும். உருட்டிய மாவை ஃப்ரீசரில் வைத்து வேண்டும்போது சுட்டுக்கொள்ளலாம். முட்டை இல்லையே என்று பச்சை மாவைச் சுவைப்பது கூடாது. சுடாத மைதாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால், சாக்லேட் உறையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘பால் கலந்திருக்கலாம்’ என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சாக்லேட்டை விட்டுவிட்டு வெறும் கொக்கோவிலேயே செய்துகொடுங்கள். கொக்கோ பொடியின் உறையிலும் அந்த எச்சரிக்கை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.