பத்து நாள் நடை... பிரான்ஸில் ஒரு பாதயாத்திரை!

ஸ்பெயின் நாட்டு சாண்டியாகோவில் புனித சந்தியாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பி, ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ஜனங்கள் நடந்து போகிறார்கள். பிரான்ஸில் அதற்குப் புறப்படும் ஊர்களில் லெ புய் ரொம்பப் பிரசித்தம். அந்த ஊர் பிஷப் கோடெஸ்கால்க் கி.பி. 950-லேயே கிளம்பிப் போனவர்!

என் மகள் லியோன் நகரில் வேலை பார்க்கிறாள். போன செப்டம்பரில் நாங்கள் இருவரும் லெ புய்யிலிருந்து கோங்க் வரை, சுமார் 200 கி.மீ. நடக்கக் கிளம்பினோம். "ஐம்பத்தாறு வயசுல, முழங்கால் வலியோட இது தேவையா?" என்றார் என் கணவர்.

காலை 7 மணிப் பூசை முடிந்ததும் யாத்ரிகர்களுக்கு ஆசி வழங்குகிறார்கள். பிறகு கோயில் தரையிலுள்ள கம்பிக் கதவு திறக்க, படியிறங்கி நேரே வீதிக்கு வந்து விடலாம். வழியெல்லாம் மரத்திலும் பாறையிலும் சிவப்பு, வெள்ளைக் கோடுகள். பெருக்கல் குறி போட்டிருந்தால் அது நம் வழி இல்லை!

நாலாம் நாள் மகளுக்கு ஆபீஸிலிருந்து அவசர அழைப்பு. "நீயும் வந்துடும்மா" என்றாள். எனக்கு 'போன்ஜூர்' தவிர பிரெஞ்சு தெரியாது. தனியாக எங்கும் போனதுமில்லை. ஆனாலும் பாதியில் திரும்ப மனசு வரவில்லை. "இறைச்சி, மீன் வேண்டாம்" என்று பிரெஞ்சில் ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லி வாங்கிக் கொண்டேன்.

ஓப்ராக் மேட்டு நிலத்தில் ஒரே மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பசுக்களின் கழுத்து மணி மட்டும் கேட்டது. கல் சுவரைத் தொட்டுக் கொண்டே, ஒவ்வொரு கோடாகத் தேடித் தேடி நடந்தேன். அந்தக் காலத்தில் இப்படிப் பனியில் தவிப்பவர்களுக்காக ஓப்ராக் மடத்துத் துறவிகள் மணி அடிப்பார்களாம். பயம் அடங்கியது ஊர்க் கோபுரத்தைப் பார்த்த பிறகுதான்! இரவு விடுதியில் என் சீட்டைப் படித்து, அலிகோ பரிமாறினார்கள். உருளைக்கிழங்கு மசியலில் புதுச் சீஸ் சேர்த்து, கயிறு போல இழுபடும்வரை கிண்டிய பண்டம். அமிர்தம்!

பத்தாம் நாள் கோங்க் சேர்ந்தேன். சிறுமியாகவே வேதசாட்சியாக மாண்ட சாந்த் ஃபுவாவின் கோயில். வாசலுக்கு மேலே கடைசித் தீர்ப்பு நாளைச் செதுக்கியிருக்கிறார்கள். சொர்க்கமும் நரகமும் அக்கம்பக்கத்தில்!

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில யோசனைகள்: பை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முடியாத நாளில் அடுத்த ஊருக்குப் பையை வேனில் அனுப்பலாம். முழங்கால் வலிப்பது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில்தான். இரண்டு ஊன்றுகோல் அவசியம். புது ஷூவை ஒரு மாதம் முன்பே போட்டுப் பழகுங்கள். விடுதிக்கு முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று சொல்லி விடுங்கள்.