மிளகு மூட்டையும் மூன்றாம் தரக் கப்பலும்: ஆங்கிலம் வகை பிரித்த கதை தெரியுமா?

"சரக்கு ஏ ஒன் சார்!" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் நாம் கேள்வி கேட்பதில்லை. அந்த 'ஏ ஒன்' எங்கே பிறந்தது தெரியுமா? லண்டனில், ஒரு காபிக் கடையில்! எட்வர்ட் லாயிட் என்பவர் தொடங்கிய கடை அது. கப்பல் முதலாளிகளும் வணிகர்களும் காப்பீடு கொடுப்பவர்களும் அங்கேதான் கூடுவார்கள். கடலுக்குப் போகிற கப்பல் பத்திரமாகத் திரும்புமா? அத்தனை பேருக்கும் இதே கவலை. லாயிட் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1760-இல், அந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். கப்பல்களை ஆய்வு செய்து, மதிப்பெண் போட்டு, பதிவேடாக அச்சடித்தார்கள். கப்பலின் உடல் எவ்வளவு உறுதி என்பதற்கு ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று உயிரெழுத்துகள். நங்கூரம், வடக்கயிறு முதலான தளவாடங்களுக்கு முதலில் நல்லது, சுமார், மோசம் என்று மூன்று தரம். பிறகு 1, 2, 3 என்று எண்கள். உடலும் கெட்டி, தளவாடமும் கெட்டி என்றால் ஏ 1! இந்த முத்திரை 1770-களிலேயே பதிவேட்டில் ஏறிவிட்டது. கப்பலுக்குப் போட்ட மார்க் இன்று நம் ஊர் அரிசி மூட்டை வரை வந்துவிட்டது பாருங்கள்!

கப்பல் என்றதும் இன்னொன்று. ஒரு படம் மட்டம் என்றால் 'தர்ட் ரேட்' என்று திட்டுகிறோமே, அந்த வசை எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து! பாய்மரப் போர்க்கப்பல்களைப் பீரங்கி எண்ணிக்கையை வைத்து ஆறு 'ரேட்'களாகப் பிரித்திருந்தார்கள். நூறும் அதற்கு மேலும் பீரங்கி இருந்தால் ஃபர்ஸ்ட் ரேட். டிராஃபல்கர் போரில் கடற்படைத் தளபதி நெல்சன் நின்ற 'விக்டரி' கப்பல் அந்த வகை. அப்படியானால் தர்ட் ரேட் ஓட்டைக் கப்பலா? இல்லவே இல்லை! 74 பீரங்கிகள் கொண்ட தர்ட் ரேட் கப்பல்கள்தான் அந்தக் கடற்படையின் முதுகெலும்பு. வேகமும் உண்டு, அடிக்கும் பலமும் உண்டு, கட்டும் செலவும் கட்டுப்படியாகும். இத்தனை உழைத்த கப்பலின் பெயர் வசைச்சொல்லாகிப் போனதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இப்போது மிளகுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். மலபாரில் காய்ந்த மிளகு கடல் கடந்து, பல கை மாறி லண்டன் போய்ச் சேரும். மூட்டையை அவிழ்த்தால் மிளகு மட்டுமா இருக்கும்? காம்பு, மண், தூசி, பொக்கு எல்லாம் சேர்ந்தே வரும். எடைக்கு எடை காசு வாங்கும் பண்டம் ஆயிற்றே! ஆகவே லண்டன் மாநகரத்தில் இதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். 'கார்ப்ளர் ஆஃப் ஸ்பைசஸ்' என்பது பதவியின் பெயர். எந்தக் கடைக்குள்ளும் எந்தக் கிடங்குக்குள்ளும் அவர் நுழையலாம். மிளகையும் மருந்துச் சரக்கையும் சோதித்துச் சலித்து, குப்பையைப் பிரித்தெடுக்கலாம். அவர் செய்த வேலைக்குப் பெயர் 'கார்பிள்'. சல்லடையில் சலிப்பதைக் குறிக்கும் அரபுச் சொல் மத்தியதரைக் கடல் வணிகர்களின் வாய்வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. அதே 'கார்பிள்' இன்று என்ன ஆயிற்று தெரியுமா? போனில் குரல் உடைந்து ஒன்றும் புரியாமல் போனால் ஆங்கிலத்தில் 'கார்பில்ட்'! சுத்தப்படுத்தும் சொல் குழப்பத்துக்குப் பெயரானது எப்படி? சலிப்பதுபோலவே ஒருவர் பேச்சிலிருந்து தமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி, மற்றதை விட்டுவிடும் கெட்ட பழக்கத்துக்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். அப்படிப் பொறுக்கினால் பேச்சு திரிந்துதானே போகும்?

ஆச்சரியம் இத்தோடு முடியவில்லை. மசாலாப் பொருளைக் குறிக்கும் 'ஸ்பைஸ்' என்ற சொல்லே வகை பிரிக்கும் சொல்தான்! உயிரியல் பாடத்தில் 'ஸ்பீஷீஸ்' என்று படித்தோமே, இரண்டுக்கும் தாய் ஒரே லத்தீன் சொல். அதற்கு முதலில் தோற்றம் என்று பொருள்; பிறகு வகை; வணிகர்கள் கையில் 'வகைவகையான சரக்கு' என்று மாறி, கடைசியில் விலை உயர்ந்த நறுமணச் சரக்குக்கே உரியதாகிவிட்டது. அது பிரெஞ்சு வழியாக வந்தபோது ஸ்பைஸ். லத்தீனிலிருந்து அறிஞர்கள் நேராக எடுத்துக்கொண்டபோது ஸ்பீஷீஸ். 1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 'ஸ்பீஷீஸ் பிளாண்டாரம்' நூலில் மிளகுக்கு 'பைப்பர் நைக்ரம்' என்று பெயர் சூட்டினார். ஸ்பைஸ்களில் முதன்மையான மிளகு, ஸ்பீஷீஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது!

'கேட்டகரி' என்ற சாதுவான சொல்லுக்கு மூலப் பொருள் குற்றச்சாட்டு, தெரியுமா? கிரேக்கத்தில் சபை நடுவே ஒருவர் மீது பழி சொல்வதுதான் அது. அரிஸ்டாட்டில் அதைத் தர்க்கத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பொருளைப் பற்றி என்னென்ன சொல்ல முடியும் என்று பத்து வகை பிரித்தார். 'கிளாஸ்'? பழைய ரோமில் சொத்துக் கணக்கை வைத்துக் குடிமக்களை ஐந்தாகப் பிரித்த ஏற்பாடு. முதல் வகுப்புச் சொத்துக்காரரைக் குறித்த சொல்லை இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் உயர்ந்த எழுத்தாளருக்குச் சொன்னார். பிறந்தது 'கிளாசிக்'! நல்ல புத்தகத்தை நாம் பாராட்டும் சொல்லுக்குள் ஒரு பணக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் யாரை முதலில் கவனிப்பது என்று தீர்மானிப்பதற்கு 'ட்ரியாஜ்' என்று பெயர். இந்த பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் முதலில் ஒட்டிக்கொண்டது ஆட்டு ரோமத்திலும் காபிக் கொட்டையிலும்! ரோமத்தைத் தரம் பிரிப்பது ட்ரியாஜ். காபியில் பொறுக்கி ஒதுக்கிய உடைசல் கொட்டைக்கும் ட்ரியாஜ் என்றே பெயர். ஆனால் இந்தச் சொல் ஆங்கிலத்தில் மருத்துவத்துக்கு வருவதற்கு முன்பே அந்த முறை போர்க்களத்தில் வந்துவிட்டது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ஜான் லாரே, பதவியையும் நாட்டையும் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே வரிசை வைத்தார். தளபதியின் சிராய்ப்பு காத்திருக்கும். சிப்பாயின் அறுந்த கால் முதலில்! முதல் உலகப் போர்க்காலத்தில்தான் அந்த முறையும் இந்தச் சொல்லும் ஆங்கிலத்தில் ஒன்று சேர்ந்தன.

கடைசியாக 'சார்ட்'. கம்ப்யூட்டரில் பெயர்களை அகரவரிசையில் அடுக்க நாம் அமுக்கும் அதே சார்ட்! மூலம் லத்தீன்; பொருள் திருவுளச்சீட்டு. சீட்டு எடுத்து இது உனக்கு, அது எனக்கு என்று பங்கு பிரித்ததிலிருந்து வகை பிரிப்பதற்கு வந்து சேர்ந்தது. குறி சொல்லும் மந்திரவாதியைக் குறிக்கும் 'சார்சரர்' கூட இதே குடும்பம்தான்!

கம்ப்யூட்டர் சார்ட்டுக்கும் ஒரு கதை உண்டு. கொழும்பில் பிறந்த டோனி ஹோர் என்ற ஆங்கிலேய இளைஞர் 1959-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். ரஷ்ய வாக்கியத்தைக் கம்ப்யூட்டரால் மொழிபெயர்க்கும் வேலை. அகராதியோ நீளமான காந்த நாடாவில் அகரவரிசையில் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நாடாவை முன்னும் பின்னும் ஓட்டினால் விடிந்துவிடும். வாக்கியத்தின் சொற்களையும் அகரவரிசையில் அடுக்கிவிட்டால் ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் தேடி எடுக்கலாமே! அங்கே முளைத்ததுதான் 'குவிக்சார்ட்' என்ற அடுக்கும் முறை. இங்கிலாந்து திரும்பி ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் சேர்ந்தவர், வழக்கமான அடுக்கும் முறையைவிட வேகமான முறை தம்மிடம் இருக்கிறது என்றார். மேலதிகாரி நம்பாமல் ஆறு பென்ஸ் பந்தயம் கட்டினார், ஹோர் ஜெயித்தார். 1961-இல் அச்சில் வந்த அந்தச் செய்முறையின் முதல் படி என்ன தெரியுமா? பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் உறுப்பை எடு. அதைவிடச் சிறியவற்றை ஒரு பக்கமும் பெரியவற்றை மறுபக்கமும் தள்ளு. ஆமாம், திருவுளச்சீட்டேதான்!