உப்பு போட்ட படகும் இளஞ்சிவப்பு நீரும்

அக்டோபர் பாதி கடந்தால் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், மாசசூசெட்ஸ், மெயின் துறைகளில், பாய்ப்படகுகள் ஒவ்வொன்றாகத் தரை ஏறும். அடுத்த ஆறு மாதம் அவற்றுக்கு ஓட்டம் கிடையாது. படகின் அடி முதுகெலும்பான ஏராவுக்குக் கீழே கட்டை வைத்து, இரு பக்கமும் முட்டுக் கொடுத்து, படகு முற்றத்தில் நிறுத்திவிடுவார்கள். நூறு ஆண்டுக்கு முன்பும் இதே மாதத்தில்தான் தரை ஏற்றினார்கள். அப்போது படகின் எந்த இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், இப்போது எந்த இடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் மாறியிருக்கிறது.

மரப்படகுக்குப் பகை நன்னீர். கடல்நீரில் ஊறிய பலகை அவ்வளவு எளிதில் உளுக்காது. மழையும் உருகிய பனியும் மேல்தளத்து இடுக்கு வழியே இறங்கித் தேங்கினால்தான் பூஞ்சை பிடிக்கும். மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறை மீனவர்களுக்கு ஸ்கூனர் என்ற பாய்க்கலங்களைக் கட்டிய எசெக்ஸ் ஊர்த் தச்சர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். விலாச் சட்டங்களுக்கு நடுவே, உள்பலகைக்கும் வெளிப்பலகைக்கும் இடையில் இருந்த வெற்றிடத்தில் உப்பைக் கொட்டி நிரப்பினார்கள். மேலிருந்து இறங்கும் நன்னீர் உப்புநீராகித்தான் மரத்தைத் தொடும். கருவாடு போடுகிறவனின் அறிவு இது. மீனுக்குச் செய்ததை மீன் பிடிக்கும் கலத்துக்கும் செய்தார்கள்.

குளிர்காலத்துக்கு மரச்சட்டத்தில் கூடாரம் கட்டிக் கித்தான் போர்த்துவார்கள். அதில் முன்னும் பின்னும் காற்றுப் போக வழி இருக்கும். மூடுவதைவிடக் காற்று நடமாடுவதே முக்கியம் என்பது அவர்கள் கணக்கு. அதே நேரம் படகு மிகவும் காய்ந்துவிடவும் கூடாது. காய்ந்தால் பலகை சுருங்கி மூட்டு வாய் திறக்கும். அதனால் சிமென்ட் தரையைவிட மண் தரைக் கொட்டகையை நல்லதென்றார்கள்; மண்ணின் ஈரம் பலகையைக் காக்கும்.

வசந்தம் வந்ததும் கலப்பத்து வேலை. மூட்டுக்குள் பருத்தித் திரியை வைத்து உளியும் மரச் சுத்தியும் கொண்டு இறுக்குவது. எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அளவுகோல் கிடையாது. தளர்ந்தால் ஒழுகும். அளவுக்கு மீறி இறுக்கினால், தண்ணீரில் பலகை உப்பும்போது போக இடமின்றி விலாச் சட்டத்தையே நெருக்கி உடைத்துவிடும். சுத்தியின் சத்தம் மாறுவதைக் கேட்டுத்தான் கை நிற்கும். இந்த வேலை தமிழருக்கு அந்நியமல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற மரக்கலம், அட்லாண்டிக்கைக் கடந்து 1938-ல் இதே குளோஸ்டர் துறைக்குத்தான் வந்து சேர்ந்தது. அதை நினைக்கும்போதெல்லாம், வேறு வேறு கடலில் வளர்ந்த இரண்டு தச்சர் மரபுகள் ஒரே கரையில் சந்தித்த நாளாகவே எனக்கு அது தோன்றுகிறது.

1959-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் டிரைட்டன் என்ற படகு வந்தது. ரோட் ஐலண்டில் பியர்சன் நிறுவனம் கண்ணாடியிழையில் வார்த்த 28 அடிப் பாய்ப்படகு. அந்த வகையில் 700-க்கு மேல் வார்த்தார்கள். சாதாரணக் குடும்பம் ஒன்று படகில் படுத்து உறங்கிக் கரையோரம் பயணம் போகலாம் என்ற நிலையை இத்தகைய படகுகள்தான் பரவலாக்கின. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. கண்ணாடியிழையில் மூட்டு இல்லை, திரி இல்லை, உளுப்பு இல்லை. பருத்திப் பாய் போய்ப் பாலியெஸ்டர் பாய் வந்ததும் பூஞ்சைக் கவலை குறைந்தது.

வேலை மட்டும் குறையவில்லை, தோலிலிருந்து குடலுக்கு இடம் மாறிவிட்டது. இன்றைய பயணப் படகு ஒரு சின்ன வீடு. குழாய், வெந்நீர்க் கலன், கழிப்பறை, குளியல், டீசல் எஞ்சின் எல்லாம் உண்டு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். குழாய்க்குள் ஒரு கைப்பிடி நீர் தங்கினாலும் பித்தளையும் இரும்பும் பிளக்கும். ஆகவே தொட்டிகளை வடிக்கிறார்கள். எஞ்சின் எண்ணெயைக் குளிருக்கு முன்பே மாற்றுகிறார்கள். பழைய எண்ணெயின் அமிலம் ஆறு மாதம் பேரிங்கில் நிற்கக் கூடாது. பிறகு, கடல்நீர் இழுக்கும் குழாயை ஒரு வாளிக்குள் விட்டு எஞ்சினை ஓட்டுகிறார்கள். வாளியில் புரொப்பிலீன் கிளைகால் கலந்த இளஞ்சிவப்புத் திரவம். புகைபோக்கி வாயில் அதே சிவப்பு வந்து விழுந்ததும் எஞ்சினை நிறுத்துவார்கள். சமையலறைக் குழாயிலும் அந்த நிறம் வரும்வரை பம்ப் ஓடும்.

படகின் அடியிலுள்ள உருண்டை வால்வை மூடியே வைத்தால், உருண்டைக்குள் சிக்கிய நீர் உறைந்து வால்வு வெடிக்கும். தரை ஏறியதும் அதைத் திறந்து வடித்துவிட வேண்டும். ஜனவரியில் விழுந்த கீறல் வசந்தத்தில், படகு தண்ணீரில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

இந்த வேலையை முழுக்கக் கூலிக்கு விட்டுவிடுவது எனக்கு உவப்பில்லை. வால்வுகளை ஆண்டுக்கு ஒருமுறை தன் கையால் தொட்டவனுக்கு, நடுக்கடலில் குழாய் பிய்த்துக்கொண்ட இரவில் இருட்டிலும் கை சரியான இடத்துக்குப் போகும்.

அடிப்பகுதிப் பூச்சின் கதை வேதனையானது. சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க டிரைபியூட்டைல்டின் கலந்த பூச்சை உலகமே விரும்பிப் பூசியது. அதன் நச்சால் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் வளர்ப்புச் சிப்பிகளின் ஓடு தடித்து, குஞ்சு பொரிப்பது நின்றுபோனது. 1982-ல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்குப் பிரான்ஸ் அந்தப் பூச்சைத் தடை செய்தது. அமெரிக்கச் சட்டம் 1988-ல் வந்தது. சர்வதேசத் தடை 2008-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று பழைய பூச்சைச் சுரண்டும்போது, தரையில் விரிப்புப் போட்டுத் தூசியை இயந்திரத்தால் உறிஞ்சச் சொல்கின்றன பல முற்றங்கள்.

கித்தானுக்குப் பதிலாக இப்போது வெள்ளைப் பிளாஸ்டிக். சூடு காட்டி இறுக்கிப் போர்த்துகிறார்கள், வசந்தத்தில் கிழித்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே குளிர்காலத்து ஆயுள். இதை மட்டும் என்னால் முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மே மாதத்தில் கண்ணாடியிழைப் படகுகள் தண்ணீரைத் தொட்டதும் கிளம்பிவிடும். வரிசையில் ஒரு மரப்படகு இருந்தால் அதைத் தூக்குப்பட்டையிலேயே தொங்கவிட்டு, பாதி மிதக்கும் நிலையில் இரவு முழுக்க விட்டுவைப்பார்கள். காய்ந்த மூட்டுகள் வழியே தண்ணீர் உள்ளே கொட்டும், பம்ப் ஓயாமல் இறைக்கும். பலகை ஊறி உப்பி ஒன்றையொன்று நெருக்க நெருக்க, ஒருமுறை இறைத்ததற்கும் அடுத்தமுறை இறைப்பதற்கும் இடையே நேரம் நீளும். அதன் சொந்தக்காரர் கரையில் உட்கார்ந்து அந்த இடைவெளியை எண்ணிக்கொண்டிருப்பார்.