பெயின்டுக்குக் கீழே கறள்



சென்ற வருடம் ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பின் ஒரு தம்பதியினர் என்னைத் தேடி மத்ரஸாவுக்கு வந்தார்கள். கணவர் பேசாலையிலும் தலைமன்னாரிலும் மீன் எடுத்து, ஐஸ் போட்டு வெளியூருக்குக் கொண்டு போகும் சிறு வியாபாரி. மனைவி தன் வளையல்களை விற்றுக் கொடுத்த பணத்தில், வெளியூரில் ஒருவரிடம் பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருந்தார். வாங்கும்போது மணமகனைப் போலப் பளபளத்த வாகனம் அது. நான்காம் மாதம் மீன் பெட்டிகளோடு வந்துகொண்டிருந்தபோது, பின்பக்கத்து வில்லுத்தகடுகளைப் பிடிக்கும் இடத்தில் செசி உடைந்துவிட்டது. குனிந்து பார்த்தால் அங்கே இரும்பே இல்லை! கறள், அதன்மேல் பட்டி, பட்டியின் மேல் புதிய கறுப்புப் பெயின்ட். அவ்வளவுதான்.

விற்றவரிடம் போய்க் கேட்டதற்கு, “உள்ளதை உள்ளபடிதானே தந்தேன். பார்த்துத்தானே வாங்கினீங்க?” என்றாராம்.

“இதுக்கு மார்க்கத்துல என்ன சட்டம் மௌலவி?” என்று கணவர் கோபத்தோடு கேட்டார். மனைவி அதிகம் பேசவில்லை. “நான் போய்ப் பார்க்கல்ல மௌலவி. பொம்பிளைக்கு வாகனத்துல என்ன தெரியும்டு இருந்துட்டன்” என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தைதான் இதை எழுத வைத்தது. ஆகவே, ‘வாகனம் வாங்குவது ஆண்களின் விஷயம்’ என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் நகையும் உங்கள் பிள்ளைகளின் உணவும் அந்த நான்கு சக்கரங்களின் மேல்தான் ஓடுகின்றன.

பழையது என்பது குறையல்ல

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், முசலி மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் வாகனத்தையும் வள்ளத்தையும் விட்டுவிட்டே கல்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. 2010 மார்ச்சில் மன்னாரின் புதிய பாலம் திறக்கப்பட்டது. மீளக் குடியேறியவர்களில் பலருக்கு இன்றும் ஒரு வீடு புத்தளத்தில், ஒரு வீடு மன்னாரில். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒரு பிக்கப் என்றால் அது மீன் லொறி, கல்யாணச் சாமான் வண்டி, நள்ளிரவில் நோயாளியை ஏற்றும் அம்புலன்ஸ் எல்லாமே.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதன் பிறகு, பழைய வாகனங்களைத் தாங்கள் வாங்கிய விலையிலும் கூடுதலாக விற்றவர்கள் உண்டு. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் தடை நீங்கியது. ஆயினும் வரிகளோடு சேர்ந்த புது வாகனத்தின் விலை சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவதில்லை. ஆகவே இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிசி எல்200 போன்ற வாகனங்களைத்தான் நம்மவர்கள் தேடுகிறார்கள்.

அதில் தவறில்லை. 1968 முதல் உற்பத்தியாகும் ஹைலக்ஸின் பழைய டீசல் எஞ்சின்கள் (2எல், 3எல், 5எல் என்பவை) எளிய அமைப்பைக் கொண்டவை. கம்பியூட்டர் இல்லாமலே சாதாரண கராஜில் திருத்தலாம். எனவே வயது ஒரு குறையல்ல. மறைக்கப்பட்ட குறையே குறை.

முதலில் கறளைத் தேடுங்கள்

நமது தீவில் எஞ்சினைக் காட்டிலும் முதலில் சாவது இரும்புதான். சோளகக் காற்று உப்பை வாரி வீசுகிறது. அதற்கு மேல், மீன் ஏற்றிய வாகனத்தில் ஐஸ் உருகி, உப்பும் மீன் கழிவும் கலந்த தண்ணீர் தட்டின் இடுக்குகள் வழியே செசியின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. செசி உள்ளே குழலாக இருப்பதால் அந்தத் தண்ணீர் அதற்குள் தங்கி, இரும்பை உள்ளிருந்தே தின்கிறது. வெளியே பெயின்ட் சிரித்துக்கொண்டிருக்கும்!

ஆகவே வாகனத்தைப் பார்க்கப் போகும்போது ஒரு சிறு காந்தம், ஒரு டோர்ச், ஒரு சிறு சுத்தியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, தட்டின் ஓரம் ஆகிய இடங்களில் காந்தத்தை வையுங்கள். இரும்பு இருந்தால் பற்றும். தடித்த பட்டி இருந்தால் நழுவி விழும். பிறகு கீழே குனிந்து, வில்லுத்தகடுகளைப் பிடிக்கும் இடங்களையும், மேலதிகச் சக்கரம் தொங்கும் குறுக்குச் சட்டத்தையும், கெபின் செசியில் அமரும் இடங்களையும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். பின்பக்கம் செல்லும் பிரேக் குழாய்களையும் பாருங்கள். அவையும் இரும்பே, உப்பு அவற்றையும் விடுவதில்லை. மெலிந்த குழாய் அவசரமாகப் பிரேக் பிடிக்கும் நேரத்தில்தான் வெடிக்கும்.

கால்மிதியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வாகனமென்றால் சேற்றுக் கோடு அங்கே தெரியும். வாகனத்தின் மேற்பகுதி முழுதும் பழையதாக இருக்க, அடிப்பகுதிக்கு மட்டும் புதிய கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் ஏனென்று கேளுங்கள்.

இது சந்தேகப் புத்தியல்ல, சுன்னத்தைச் சார்ந்தது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கண்டு, மேலே பார்த்ததோடு நிற்காமல் உள்ளே கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டதாக வியாபாரி கூறினார். மக்கள் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. பெயின்டுக்குக் கீழுள்ள கறளும் அந்த ஈரமும் ஒன்றல்லவா?

எஞ்சின் சூடாகும் முன்

காலையிலேயே போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் பொனட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை யாரோ முன்னரே எழுப்பி வைத்திருக்கிறார்கள்!

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, எஞ்சின் எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் இருந்தாலோ உள்ளே இரண்டும் கலக்கின்றன. பெரிய செலவு காத்திருக்கிறது. டீசல் எஞ்சின் எண்ணெய் கறுப்பாக இருப்பது வழமை, அதற்குப் பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் செய்து சூடான பின்பும் நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. விடாமல் வெண்புகை வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் சிலிண்டர் ஹெட் பக்கம் கோளாறு. கரும்புகை தொடர்ந்தால் டீசல் சரியாக எரியவில்லை. இந்த எஞ்சின்களுக்கு டைமிங் பெல்ட் உண்டு. ஏறக்குறைய ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் எஞ்சினின் உட்பாகங்கள் ஒன்றோடொன்று மோதி நாசமாகும். கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறையுங்கள்.

மீற்றரில் குறைந்த கிலோமீற்றர் காட்ட, பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் மீற்றரை நம்பாதீர்கள். காலின் சாட்சிதான் உண்மை. வில்லுத்தகடுகளில் மேலதிகமாகத் தகடு சேர்த்திருந்தால் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வாகனம் அது. நான்கு சக்கர இழுவை உள்ளதென்று சொன்னால் மணலில் இறக்கி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மன்னாரில் மணலுக்கா பஞ்சம்?

இதையெல்லாம் நாமே தீர்மானிக்க வேண்டியதில்லை. விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்கை விட்டு, நமக்கு நம்பிக்கையான ஒருவருக்குக் கூலி கொடுத்துக் காட்டுங்கள். அந்தக் கூலி வீண்செலவல்ல.

அன்றைய அரபு நாட்டிலும் இப்படி ஒரு தந்திரம் இருந்தது. ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்குச் சில நாள் முன்பிருந்தே பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்ததாகக் காட்டி விற்பார்கள். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அப்படி வாங்கி ஏமாந்தவருக்கு மூன்று நாள் வரை திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வழங்கினார்கள். விற்பதற்கு முன் தடித்த எண்ணெய் ஊற்றி எஞ்சின் சத்தத்தை அடக்குபவர், மடியைக் கட்டி விற்றவரின் வாரிசுதான்!

பதிவுப் புத்தகம்

செசியிலும் எஞ்சினிலும் உள்ள இலக்கங்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அது பதியப்பட்டிருக்க வேண்டும். லீசிங்கில் எடுத்த வாகனத்தின் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் கம்பனியின் பெயரே இருக்கும். அது நீக்கப்படாமல் விற்பவர், தனக்கு முழுமையாகச் சொந்தமில்லாததை விற்கிறார். புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி, வருமான உத்தரவுப் பத்திரம் ஆகியவற்றின் திகதிகளையும் பாருங்கள்.

‘பெயர் மாற்றத்தைப் பிறகு பார்க்கலாம்’ என்று திறந்த பத்திரத்தில் கையெழுத்து மட்டும் வாங்கி வரும் பழக்கம் நம்மிடம் உண்டு. விற்றவர் மௌத்தாகிவிட்டால் அவருடைய வாரிசுகளிடம் அலைய வேண்டி வரும். அன்றே மாற்றத்துக்கான வேலையைத் தொடங்குங்கள்.

வளையல் யாருடையது?

குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் ஸூரா அல்பகராவின் 282ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது! கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி வைக்கவும் அதே வசனம் சொல்கிறது.

மஹரும் நகையும் மனைவியின் சொத்து. கணவர் கேட்டு நீங்கள் மனம் விரும்பி அன்பளிப்பாகக் கொடுத்தால் அது வேறு. கடனாகக் கொடுத்தால் எத்தனை பவுண், எப்போது திருப்பித் தருவது என்று எழுதுங்கள். பங்காகக் கொடுத்தால் வாகனத்தில் உங்களுக்கு எவ்வளவு பங்கு என்று எழுதுங்கள். ‘புருஷன் பெண்சாதிக்குள் எழுத்தா?’ என்று வெட்கப்பட வேண்டாம். எழுத்து நம்பிக்கையீனமல்ல, நாளை ஒருவர் மறைந்தால் பிள்ளைகளுக்குள் சண்டை வராமல் காக்கும் வேலி அது.

அந்தத் தம்பதிக்குச் சொன்னது

ஷாஃபி மத்ஹபின்படி, குறையை அறிந்த விற்பனையாளர் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்ப முடியாது. கறளைக் கண்டு அதன்மேல் பட்டி பூசியவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விற்றால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. குறை தெரிந்தவுடன் பாவனையை நிறுத்தித் தாமதமின்றித் திருப்ப வேண்டும். நான் கணவரிடம், “முன்னரே ஏதும் தெரிந்ததா?” என்று கேட்டேன். அவர் தலை குனிந்தார். இரண்டாம் மாதமே கராஜில் செசி அரித்திருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். ‘இந்த மீன் சீசன் முடியட்டும்’ என்று அவர் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். தெரிந்த பின்னும் பாவித்ததால், திருப்பும் உரிமை அவர் கையை விட்டுப் போய்விட்டது. விற்றவரின் பாவம் விற்றவரோடு இருக்கிறது. இருந்தாலும் சட்டப்படி, வாகனத்தைத் திருப்பி எடுக்கும்படி அவரை வற்புறுத்த முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பின்பு இரு ஊர்ப் பெரியவர்களும் இடையில் பேசினார்கள். ஒரு தொகை திரும்பக் கிடைத்தது. செசியை வெட்டி ஒட்டி வாகனம் மீண்டும் ஓடுகிறது. வளையல்கள் திரும்பவில்லை.

நாம் விற்கும் நாளில்

சகோதரிகளே! இன்று வாங்குபவர் நாளை விற்பவர். உங்கள் வீட்டு வாகனம் வாரம் ஒரு போத்தல் எண்ணெய் குடிப்பது உங்களுக்குத் தெரியும். வாங்க வந்தவர்களுக்கு நீங்களே தேநீர் ஊற்றிக் கொடுக்கிறீர்கள். வந்தவரின் மனைவியும் தன் வளையலை விற்றுத்தான் காசு கொடுத்திருப்பார். அப்போது என்ன செய்வீர்கள்? குறையை அறிந்தவர் விற்பவராக இல்லாவிட்டாலும் வாங்குபவருக்கு அதை அறிவிப்பது கடமை என்கிறார்கள் நமது மத்ஹபின் இமாம்கள். அந்தக் கடமையில் மெக்கானிக்கும் தரகரும் அடங்குவர். வீட்டுப் பெண்ணும் அடங்குவார். கணவரிடம் தனியே நினைவூட்டுங்கள்: “சொல்லிட்டு வில்லுங்க. விலை குறைஞ்சாலும் பரவால்ல.”

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும் என்றும், பொய் சொல்லி மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவித்துள்ளார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. உப்பு இரும்பை அரிக்கும். மறைத்த குறை பரக்கத்தை அரிக்கும்.

வல்ல நாயன் அல்லாஹ் நமது வாங்கலிலும் விற்றலிலும் உண்மையைத் தந்து, நமது குடும்பங்களுக்கு ஹலாலான ரிஸ்க்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.